ஆடி மாதத்தில் ஒரு கணினி மாற்றம்

எங்கள் தொழிலில் கணினியை மாற்றுவதற்கு ஆடி மாதத்தை விட்டால் நேரம் கிடையாது. மயிலாடுதுறையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, வக்கீல்களுக்கு மனு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, ஜாதகம் என எல்லாமே ஒரே கணினியில்தான் நடந்துவந்தன. ஆடியில் முகூர்த்தம் இல்லை. ஆவணிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வருபவர்கள் ஆடி பாதிக்கு மேல்தான் கடைப் படியேறுவார்கள். 2025-இல் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு பழைய விண்டோஸ் 7 கணினியிலிருந்து விண்டோஸ் 11-க்கு மாறினேன். கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாது. ஆகவே புதியது முழுதாகத் தயாராகும்வரை பழையதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. அதற்குப் பிறகும் அதையே வைத்து ஓட்டுவது டிடிபி கடைகளில் சர்வ சாதாரணம். எனக்கு நெருக்கடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. விண்டோஸ் 7-இல் குரோம் உலாவி 109-ஆம் பதிப்புக்கு மேல் போகாது. இணையதளங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தன. போதாக்குறைக்கு, ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோது நீலத்துக்குப் பதில் மஞ்சள் காட்டியது. டிஸ்க்கில் படிக்க முடியாத பகுதிகள் தோன்றத் தொடங்கிவிட்டன என்று பொருள். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 கெடு குறித்துவிட்டார்கள் என்பதால் நேரே 11-க்குத் தாவினேன்.

கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு "என்னென்ன ஃபோல்டர் இருக்கிறது" என்று பட்டியல் எழுதுவதுதான் எல்லோரும் செய்வது. நான் அப்படிச் செய்யவில்லை. கடையில் டைப் செய்யும் அக்காவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வருகிற ஒவ்வொரு வேலைக்கும் எதையெதைத் தொடுகிறார் என்று குறிக்கச் சொன்னேன். எந்த மென்பொருள், எந்த எழுத்துரு, எந்தப் படம், எந்த பிரிண்டர், என்ன தாள் அளவு என எல்லாம். எங்கள் கல்யாண அட்டைகளின் அளவுகளை பிரிண்டர் அமைப்பில் நாங்களே ஒவ்வொன்றாகப் பெயரிட்டுப் பதிந்து வைத்திருந்தோம். அவை எந்த ஃபோல்டரிலும் கோப்பாக இல்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டுக்குள் இருக்கின்றன. ஃபோல்டர்களை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் அந்த வரி நோட்டில் ஏறியிருக்காது. அந்தத் திரையை ஃபோனில் படமெடுத்து வைத்து, புதிய கணினியில் பார்த்துப் பார்த்து மறுபடி பதிந்தோம். சில சமயம் ஃபோன் கேமராதான் சிறந்த பேக்கப் கருவி. "நிறுவிய நிரல்கள்" பட்டியலையும் அப்படியே படமெடுத்துக்கொண்டேன்.

கோப்புகளை நகலெடுப்பது எளிய பகுதி என்பார்கள். டிஸ்க் நன்றாக இருந்தால் எளிதுதான். மஞ்சள் காட்டும் டிஸ்க் எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் விலைமதிப்புள்ளதை முதலில் எடுக்க வேண்டும், பெரியதைக் கடைசியில் எடுக்க வேண்டும். கணக்கு, ஜாதகத் தரவு, எழுத்துருக்கள், இந்த ஆண்டு வேலைகள், பிறகு பழைய ஆண்டு வேலைகள் என்று வரிசை போட்டேன். வாடிக்கையாளர்கள் கொடுத்த கல்யாண வீடியோக்கள் கடைசி. அவர்களிடம் அசல் இருக்கிறது.

எதன் வழியாக நகலெடுப்பது? இரண்டு கணினியையும் நெட்வொர்க் கேபிளால் நேரடியாக இணைக்கலாம், வேகமும் இருக்கும். நான் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கினேன். வேலை முடிந்த பிறகும் மூன்றாவது பிரதி ஒன்று கையில் நிற்கும் என்பதுதான் காரணம். புதிதாக வாங்கிய டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்துகொண்டேன். பென் டிரைவ்களில் பல ஃபேட்32 முறையில் வரும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. பழைய கணினியில் இருந்தவை யுஎஸ்பி 2.0 துளைகள்தான். டிஸ்க் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அதில் விநாடிக்கு 30 எம்பி சொச்சம்தான் போகும். அதிலும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் இன்னும் மெதுவாகும். இரவு ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

இரவில் ஓட விடுவதென்றால் சாதாரண காப்பி-பேஸ்ட் உதவாது. நடுவில் ஒரு கோப்பு படிக்க வராவிட்டால் "மறுபடி முயலவா, தாண்டிப் போகவா" என்று கேட்டபடி விடியும்வரை நிற்கும். விண்டோஸ் 7-க்கு முந்தைய விஸ்டாவிலிருந்தே விண்டோஸுக்குள் ரோபோகாப்பி என்ற கட்டளை இருக்கிறது. கறுப்புத் திரையில் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்காகப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை இயல்பு நிலையில் ஓட விட்டால், படிக்க வராத ஒரு கோப்புக்காக முப்பது விநாடிக்கு ஒரு முறை பத்து லட்சம் தடவை முயலும். ஆகவே மறுமுயற்சியைக் குறிக்கும் "ஆர்" என்ற எழுத்துக்கு 1, காத்திருக்கும் விநாடியைக் குறிக்கும் "டபிள்யூ"வுக்கு 1 என்று கொடுத்துவிட வேண்டும். பதிவுக் கோப்பும் எழுதச் சொன்னால், காலையில் வந்து கடைசி வரிகளைப் பார்த்தால் போதும். எத்தனை கோப்பு போனது, எத்தனை தோற்றது என்ற கணக்கு அங்கே இருக்கும். இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் "எம்ஐஆர்" என்ற கட்டளைச் சொல்லைச் சேர்த்திருப்பார்கள். மூலத்தில் இல்லாத எதுவும் நகலில் இருந்தால் அது அழித்துவிடும். இரண்டு ஃபோல்டரின் பெயரை இடம் மாற்றித் தட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் அதைத் தொடவே இல்லை.

எங்கள் கோப்புகள் சில தோற்றன. பெரும்பாலும் பழைய ஸ்கேன் படங்கள், பொருட்படுத்தவில்லை.

ஜாதக மென்பொருள் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும். அது ஒரு சிறிய நிறுவனத்திடம் எப்போதோ வாங்கியது. யுஎஸ்பியில் ஒரு பூட்டு செருகியிருந்தால்தான் திறக்கும். பல ஆண்டுகளாகக் கணித்த ஜாதகங்கள் எல்லாம் அதற்குள். "என் பெண்ணுக்கு நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள், பெயர் சொன்னால் எடுத்துவிடலாமே" என்று வருபவர்கள் ஏராளம். சர்வீஸுக்கு வரும் தம்பி, "அண்ணா, நிரல்கள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே எடுத்துக்கொண்டால் தரவும் வந்துவிடும்" என்றார். எடுத்தோம். ஆனால் அதற்குள் இருந்த தரவுக் கோப்பின் மீது "கடைசியாக மாறிய தேதி" 2012 என்று இருந்தது. முந்தின நாள் மாலைதான் அக்கா ஒரு ஜாதகம் கணித்துச் சேமித்திருந்தார்.

நேற்று எழுதியது 2012 கோப்பில் எப்படி இருக்க முடியும்? ஒரு சோதனை செய்தோம். பொய்யான பெயரில் ஒரு ஜாதகம் போட்டுச் சேமித்தோம். உடனே எவரிதிங் என்ற தேடும் மென்பொருளில் எல்லாக் கோப்புகளையும் மாறிய தேதிப்படி வரிசைப்படுத்தினோம். முதல் வரியிலேயே அதே பெயருள்ள தரவுக் கோப்பு, அந்த நிமிடத்தின் நேரத்தோடு நின்றது. ஆனால் இருந்த இடம் வேறு. பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் வர்ச்சுவல்ஸ்டோர். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். சும்மா திறந்து பார்த்தால் கண்ணில் படாது.

காரணம் இதுதான். விஸ்டாவுக்கும் முந்தைய எக்ஸ்பி காலத்து மென்பொருள்கள் தாங்கள் நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள்ளேயே தரவையும் எழுதிக்கொள்ளும். விஸ்டா முதல் விண்டோஸ் அதைப் பாதுகாப்புக்காகத் தடுத்தது. ஒரேயடியாகத் தடுத்தால் பழைய மென்பொருள்கள் நின்றுவிடும் என்பதால், எழுத வருவதைச் சத்தமில்லாமல் இந்த வர்ச்சுவல்ஸ்டோருக்குத் திருப்பிவிடுகிறது. தான் பழைய இடத்தில்தான் எழுதுகிறோம் என்று மென்பொருள் நம்பிக்கொண்டிருக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே மென்பொருளை "நிர்வாகியாக இயக்கு" என்று திறந்தால் இந்தத் திருப்பல் நடக்காது. நேரே பழைய 2012 கோப்பைப் படிக்கும். எல்லா ஜாதகமும் காணாமல் போனது போலத் தெரியும். பழைய மென்பொருள் எது தகராறு செய்தாலும் நிர்வாகியாகத் திறந்து பார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஆலோசனையில் இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது.

அன்றிலிருந்து இதையே எல்லா மென்பொருளுக்கும் செய்தோம். திறப்பது, ஒரு சின்ன வேலை செய்வது, சேமிப்பது, எந்தக் கோப்பு மாறியது என்று பார்ப்பது. கணக்கு மென்பொருள், போட்டோஷாப்பில் சேமித்து வைத்த ஆக்‌ஷன்கள், மின்னஞ்சல் எல்லாம் இந்த வழியில்தான் தங்கள் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தன. மின்னஞ்சலை அவுட்லுக்கில் வைத்திருப்பவர்கள் பிஎஸ்டி என்று முடியும் கோப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும்; நகலெடுக்கும்போது அவுட்லுக் மூடியிருக்க வேண்டும்.

தரவு கிடைத்தது, மென்பொருள் கிடைத்ததா என்றால் இல்லை. யுஎஸ்பி பூட்டை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் டிரைவர் 32-பிட் விண்டோஸுக்கு எழுதியது. விண்டோஸ் 11 என்பது 64-பிட் மட்டுமே. 32-பிட் மென்பொருள் அதில் ஓடும், 32-பிட் டிரைவர் ஓடாது. தயாரித்த நிறுவனத்தின் தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. இங்கேதான் டிஸ்க்2விஎச்டி கை கொடுத்தது. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள இலவசக் கருவி அது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக வெளி டிஸ்க்கில் எழுதிக் கொடுக்கும். அந்தக் கோப்பை, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் மாட்டினால் பழைய விண்டோஸ் 7 புதிய கணினித் திரையில் ஒரு ஜன்னலாகத் திறக்கும். டிஸ்க்கை முழுக்கப் படிக்கும் வேலை என்பதால் மற்ற எல்லா நகலும் முடிந்த பிறகே இதை ஓட விட்டேன்.

முதலில் நீலத் திரைதான் வந்தது. வர்ச்சுவல்பாக்ஸின் அமைப்பில் டிஸ்க் இணைப்பை சாட்டாவிலிருந்து ஐடிஇ-க்கு மாற்றியதும் எழுந்துகொண்டது. யுஎஸ்பி பூட்டைப் புதிய கணினியில் செருகி அந்த ஜன்னலுக்குக் கொடுத்தால், உள்ளே இருக்கும் பழைய டிரைவர் அதை அடையாளம் கண்டுகொள்கிறது. வாக்கியமா திருக்கணிதமா என்ற பஞ்சாங்கத் தேர்வு, நாங்கள் சேர்த்த ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இருந்தபடியே இருந்தன. உரிமத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணினியோடு முன்பே நிறுவி வரும் விண்டோஸின் உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே. தனியாகப் பெட்டியில் வாங்கியதை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். எங்களுடையது இரண்டாவது வகை. அந்த ஜன்னலுக்கு இணைய இணைப்பைத் துண்டித்து வைத்திருக்கிறேன். ஜாதகம் பார்க்க இணையம் எதற்கு?

அடுத்த பெரிய வேலை எழுத்துரு. வெளியாட்களுக்கு இது புரிய வைப்பது கடினம். நாங்கள் பழைய வேலைகளுக்கு இன்னமும் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7-இல் பாமினி எழுத்துருவை வைத்து வேலை செய்கிறவர்கள். பேஜ்மேக்கர் 7 வெளியானது 2001-இல்; அதற்குப் பின் சிறு திருத்தங்கள் தவிரப் பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. பாமினியில் "தமிழ்" என்று எழுதினால் கணினிக்குள் இருப்பது தமிழே அல்ல. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான் கோப்பில் இருக்கும். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகம் போடுகிறது. எழுத்துரு போகாமல் கோப்பு மட்டும் போனால் முழுப் பத்திரிகையும் ஆங்கிலக் குப்பையாகத்தான் திறக்கும்.

எங்கள் எழுத்துருத் தொகுப்பில் பாமினி மட்டும் இல்லை. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்ற பிறகு வந்தவை ஒரு பக்கம். 2010-இல் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு அரசு மாறிய பிறகு வந்தவை ஒரு பக்கம். யார் கொடுத்தார்கள் என்றே தெரியாத அலங்கார எழுத்துகள் இன்னொரு பக்கம். ஒவ்வொன்றிலும் விசை வேறு, குறியீடு வேறு. விண்டோஸின் எழுத்துரு ஃபோல்டரை மொத்தமாக அள்ளிப் புதியதில் கொட்டக் கூடாது. விண்டோஸோடு வரும் லதா, ஏரியல் போன்றவற்றின் பழைய பதிப்பும் சேர்ந்து வரும். நாங்கள் பின்னால் நிறுவியவற்றை மட்டும் பொறுக்கித் தனி ஃபோல்டரில் போட்டோம்.

புதியதில் நிறுவும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. எழுத்துருக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால் "நிறுவு" என்றும் "எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு" என்றும் இரண்டு வாய்ப்பு வரும். சும்மா "நிறுவு" என்றால் அது விண்டோஸின் பொது எழுத்துரு ஃபோல்டருக்குப் போகாது. மறுபடியும் அதே ஆப்டேட்டாவுக்குள், அந்தப் பயனருக்கு மட்டும் என்று உட்கார்ந்துவிடும். சில பழைய மென்பொருள்கள் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. வேர்டில் தெரிகிற எழுத்து பேஜ்மேக்கரில் தெரியவில்லை என்றால் முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும். டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: அடோபியின் இன்றைய மென்பொருள்களில் 2023 ஜனவரியோடு அவற்றுக்கு இடமில்லை.

எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் ஒரு பத்திரிகையில் தலைப்பு ஒரு குறியீட்டில், உடல் பாமினியில், மாப்பிள்ளையின் பட்டமும் வேலையும் ஆங்கிலத்தில் என்று கலந்திருக்கும். மாற்றிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆங்கிலத்தில் இருக்கும் பட்டத்தையும் பாமினி என்று நினைத்து வாயில் நுழையாத தமிழாக்கித் தரும். ஒவ்வொன்றையும் புரூஃப் பார்க்க வேண்டும். அதனால் நாங்கள் பழையதை மொத்தமாக மாற்றவில்லை. அண்ணன் கல்யாணப் பத்திரிகையைப் போலவே தங்கைக்கும் வேண்டும் என்று ஒரு குடும்பம் திரும்பி வந்தால், அப்போது அந்த ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். வாட்ஸ்அப்பில் மேட்டர் யூனிகோடில் வருவதால் புதிய வேலைகள் அடோபியின் புதிய வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் யூனிகோடிலேயே போகின்றன. அக்கா தட்டச்சில் ஹையர் முடித்தவர்; தட்டச்சு இயந்திர முறைதான் அவர் கைக்கு வரும். என்எச்எம் ரைட்டரில் அந்த விசைப்பலகை இருப்பதால் யூனிகோடுக்குப் போக அவர் விரல்களை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பேஜ்மேக்கர் கோப்புகளை இன்டிசைனில் திறக்க முடியுமா என்றால், சிஎஸ்6 வரையிலான பதிப்புகளில் முடியும். இன்றைய பதிப்புகளில் முடியாது. ஆகவே எதிர்காலத்தில் வேண்டியிருக்கும் என்று தோன்றிய ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக்கி அதே ஃபோல்டரில் போட்டு வைத்தோம். பேஜ்மேக்கர் எங்கள் விண்டோஸ் 11-இல் ஓடத்தான் செய்கிறது. ஆனாலும் அதை நம்பி எத்தனை காலம் இருப்பது?

டிரைவ் எழுத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பழைய கணினியில் பிள்ளையார் படங்கள், பார்டர்கள், குத்துவிளக்குகள் எல்லாம் டி டிரைவில் பொது ஃபோல்டரில். பேஜ்மேக்கர் பெரிய படங்களைக் கோப்புக்குள் வைத்துக்கொள்ளாமல் முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளும். புதிய கணினியில் இருந்ததோ சி டிரைவ் மட்டும். ஒவ்வொரு பத்திரிகையைத் திறக்கும்போதும் "பிள்ளையார் எங்கே" என்று கேட்டால் வேலை ஓடாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-யைச் சுருக்கி, மீதியை டி என்று பெயரிட்டு, ஃபோல்டர்களைப் பழைய பெயரிலேயே வைத்தோம். அதோடு தீர்ந்தது. கார்டு ரீடரோ டிவிடி டிரைவோ டி என்ற எழுத்தை முன்பே பிடித்து வைத்திருந்தால் அதை வேறு எழுத்துக்கு நகர்த்திவிட்டுச் செய்ய வேண்டும். புதிய விண்டோஸில் ஒன்டிரைவ் பேக்கப்பை இயக்கியிருந்தால் டெஸ்க்டாப்பே அதன் ஃபோல்டருக்குள் போய்விடும். இலவச இடம் 5 ஜிபிதான். டெஸ்க்டாப்பிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் நகலைக் கொட்டும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்களைப் பட்டியலாக ஏற்றுமதி செய்து புதியதில் இறக்கலாம். அந்தப் பட்டியல் எந்தப் பூட்டும் இல்லாத வெறும் உரைக் கோப்பு. இறக்கிய கையோடு அழித்துவிட வேண்டும். புதிய கணினியில், டிஸ்க்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறையாக்கம் தானாகவே இயங்கியிருந்தால், 48 இலக்க மீட்புச் சாவியை எடுத்து அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

நோட்டில் அக்கா எழுதிய வேலைகள் ஒவ்வொன்றையும் புதிய கணினியில் ஒரு முறை செய்து பார்த்து, அச்சு வரை போய், டிக் அடித்த பிறகுதான் பழையதை அணைத்தோம். ஆவணி, ஐப்பசி முகூர்த்தங்கள் முடியும்வரை அது மூலையில் அப்படியே இருந்தது. ஏதாவது விட்டுப்போயிருந்தால் சீசனில்தான் தெரியும்.

கார்த்திகையில் விற்க நினைத்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. ஜெராக்ஸும் ஸ்கேனும் செய்கிற கடை என்பதால், பழைய டிஸ்க்கில் ஊர்க்காரர்களின் ஆதார், பான் அட்டை, பத்திர நகல்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. புதிய கணினிக்கு அந்த ஃபோல்டரை நான் எடுத்து வரவே இல்லை. பழையதிலும் "டிலீட்" கொடுத்தால் போதாது. விரைவு ஃபார்மேட்டும் போதாது, மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. டிஸ்க்கைக் கழற்றி, சாட்டாவை யுஎஸ்பியாக்கும் கேபிளில் புதிய கணினியோடு இணைத்து, "விரைவு" என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்தேன். விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸ்களில் முழு ஃபார்மேட் என்றால் டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி-யாக இருந்தால் இந்த வழி சரிப்படாது. அதைத் தயாரித்தவர்கள் தரும் அழிப்புக் கருவியைப் பயன்படுத்த வேண்டும். எங்கள் டிஸ்க்கில் படிக்க முடியாத பகுதிகள் இருந்ததால் பூஜ்ஜியமும் அங்கே எழுதப்பட்டிருக்குமா என்ற சந்தேகம் தீரவில்லை; அதனால் டிஸ்க்கை விற்காமல் வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் விலை பேசினேன். டிஸ்க் இல்லாமல் எடுக்க மாட்டேன் என்றார் முதலில் வந்தவர். அடுத்தவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கொஞ்சம் குறைத்துக் கொடுத்து எடுத்துக்கொண்டு போனார்.